முறையாக முறையிடுவோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஓராண்டின் வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டோம். ஒரு சமுதாயத்தின் மெய்யான வரவு, அதன் இளைஞர்கள் நெற்றி வியர்வை சிந்தி ஈட்டும் ஹலாலான வருமானம் ஆகும். அந்த வருமானத்தின் வாசல் தகுதியுள்ள ஒருவருக்கு அநியாயமாக அடைக்கப்படுமானால், அவர் எங்கே செல்ல வேண்டும், எவ்வாறு முறையிட வேண்டும் என்பதைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

ஜும்ஆ முடிந்த பின் நம்மிடம் வந்து மனக்குறையைச் சொல்லும் பிள்ளைகள் பலர். "பெயரைக் கேட்டார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்" என்பார் ஒருவர். "முக்காட்டை எடுத்துவிட்டு வருவதானால் வா என்றார்கள்" என்பார் ஒரு சகோதரியின் தந்தை. "திருமணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்" என்பார் வேறொருவர். அவர்களிடம் நாம் கேட்பது மூன்றே கேள்விகள். எந்தத் தேதியில் சென்றீர்கள்? அதைச் சொன்னவர் யார், என்ன பொறுப்பில் இருப்பவர்? கையில் ஏதேனும் தாள் இருக்கிறதா? பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. சகோதரர்களே! வருத்தம் வேறு, முறையீடு வேறு. வருத்தம் நெஞ்சில் தங்கி நெஞ்சையே அரிக்கும். முறையீடு தாளில் ஏறி, உரிய அலுவலகத்தின் பதிவேட்டில் ஓர் எண்ணைப் பெறும். எண் பெற்ற முறையீட்டுக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். எண் பெறாத வருத்தத்துக்கு எவரும் பொறுப்பில்லை.

முறையிடுவது நம் மார்க்கத்துக்கு அந்நியமான காரியமா? "பொறுமையாய் இரு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி எழுந்து போவதுதான் ஈமானா? நபித்துவத்திற்கு முந்திய மக்காவின் வரலாற்றை நினைவு கூர்வோம். யமன் நாட்டின் ஜுபைத் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு வணிகர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகர் அதை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். அயலூர் மனிதர், ஆள் பலம் இல்லை, உறவுக் கோத்திரம் இல்லை. அவர் அபூ குபைஸ் மலை மீது ஏறி நின்று, கஃபாவைச் சூழ்ந்து அமர்ந்திருந்த குறைஷியர் அனைவரும் கேட்கும்படி, தமக்கு நேர்ந்த அநியாயத்தை உரத்துச் சொன்னார். அதன் விளைவாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில கோத்திரத்தார் கூடி, அநீதிக்குள்ளானவர் உள்ளூராரோ வெளியூராரோ, அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும்வரை ஒன்றுபட்டு நிற்பதென உடன்படிக்கை செய்தார்கள். அதுவே ஹில்ஃபுல் ஃபுழூல். இளம் வயதினராயிருந்த நமது நபி (ஸல்) அவர்களும் அதில் பங்கேற்றார்கள். பிற்காலத்தில், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் அதைப் பெருமையுடன் நினைவு கூர்ந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த வணிகர் வீட்டுக்குள் அமர்ந்து புலம்பவில்லை. கேட்க வேண்டியவர்கள் இருந்த இடம் தேடிச் சென்று, நடந்ததைப் பெயர் குறிப்பிட்டுச் சொன்னார். கேட்டவர்களும் அவர் தம் இனத்தவரா என்று பார்க்கவில்லை. அவர் சொன்னது நியாயமா என்று பார்த்தார்கள். முறையீட்டின் இலக்கணம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கியிருக்கிறது.

நமது மண்ணின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீசுவரம் தாலுகாவும் நாஞ்சில் நாடு முழுவதும் திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தன என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அரசு வேலையில் பாரபட்சம் என்ற முறையீடு அந்தத் திருவிதாங்கூரில்தான் மிகப் பெரிய அளவில் எழுதப்பட்டது. 1891 இல், உயர் பதவிகள் வெளியாருக்கே வழங்கப்படுகின்றன என்று குறை கூறி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் என்னும் மனு மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பட்டது. 1896 இல் டாக்டர் பல்பு அவர்களின் தலைமையில் ஈழவ மெமோரியல் அளிக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்கள் 13,176 பேர். டாக்டர் பல்பு யார்? சென்னையில் மருத்துவம் கற்றுத் தேறியவர். ஆயினும் ஈழவர் என்ற காரணத்தால் சொந்த சமஸ்தானத்தின் மருத்துவத் துறையில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணியாற்ற நேர்ந்தவர். தமக்கு நேர்ந்ததைத் தம் துயரமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், தம்மைப் போன்றோர் அனைவரின் மனுவாக்கினார்.

அந்த மனுவுக்கு உடனே நியாயம் கிடைத்துவிடவில்லை. 1932 இல் சட்டசபைச் சீர்திருத்தம் வந்தபோது, நில வரியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமையால் தமக்கு உரிய இடம் கிடைக்காது எனக் கண்ட ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமுதாயத்தாரும் ஒன்றுகூடித் தேர்தலில் பங்கேற்காமல் விலகி நின்றார்கள். நிவர்த்தனப் போராட்டம் என அது அழைக்கப்பட்டது. சி. கேசவன், என். வி. ஜோசப், பி. கே. குஞ்ஞு ஆகியோர் அதில் முன்னணியில் நின்றார்கள். கேசவன் 1935 இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறை சென்றார். அரசுப் பணிகளில் எல்லாச் சமுதாயத்தாருக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையின் பலனாகத் திருவிதாங்கூரில் பணியாளர் தேர்வுக்கென தனி ஆணையர் ஒருவர் 1936 இல் பொறுப்பேற்றார். 1896 இன் மனுவுக்கும் 1936 இன் ஆணையருக்கும் இடையே 40 ஆண்டுகள். மனு எழுதியவர்களில் பலர் பலனைக் காணாமலேயே இவ்வுலகை விட்டுச் சென்றிருப்பார்கள். எனினும் எழுதி வைத்ததால் அவர்களுடைய கோரிக்கை அழியவில்லை. முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தால், இன்று நாம் அந்தக் கையொப்பங்களின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இனி, இன்றைய சட்டம் நமக்கு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை உள்ளது உள்ளபடி அறிய வேண்டும். அரசு வேலையைப் பொறுத்தவரை அரசியல் சாசனத்தின் 16 ஆம் பிரிவு தெளிவானது. மதம், இனம், சாதி, பாலினம், வம்சம், பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் அரசின் கீழுள்ள வேலையை மறுக்கலாகாது. மாநில அரசுத் துறைகளுக்கு மட்டுமின்றி, நமக்கு அண்மையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலை போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். மீறப்பட்டால், 2004 முதல் இயங்கிவரும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 226 ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பாக, 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, தேர்வுப் பட்டியல், மதிப்பெண், தேர்வு விதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தருவது அலுவலரின் கடமை. பாரபட்சம் நடந்ததா, நம் மதிப்பெண் குறைந்ததா என்பது அந்தப் பதிலிலேயே பல வேளைகளில் தெரிந்துவிடும்.

தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வாசல். பெண் என்பதற்காக வேலைக்கு எடுக்க மறுப்பதையும் ஊதியத்தைக் குறைப்பதையும் 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அந்தத் தடை அதிலும் தொடர்கிறது. இதற்குரிய வாசல் தொழிலாளர் துறை. மாற்றுத்திறனாளி என்பதற்காக மறுக்கப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் சட்டமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் உண்டு. திருநங்கையருக்கு 2019 ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. தீண்டாமையின் பேரில் வேலை மறுக்கப்பட்டால் 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. அங்கே வாசல் காவல்துறை. மகப்பேற்று விடுப்பிலிருக்கும் பெண்ணை வேலை நீக்கம் செய்வது சட்ட விரோதம். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கினால், 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41 ஆம் பிரிவின்படி தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான காலக்கெடு குறுகியது, தாமதம் கூடாது.

முறையீடு இல்லாத இடத்தில் சட்டம் எவ்வாறு கைகட்டி நிற்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே கைப்பேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், திருமணமான பெண்களுக்கு அசெம்பிளி வேலை மறுக்கப்படுகிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூன் 25 அன்று செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டதாம். நிறுவனம் அதை மறுத்து, புதிதாக எடுக்கப்பட்டவர்களில் நான்கில் ஒரு பங்கினர் திருமணமானவர்கள் என்று விளக்கமளித்தது. மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம், சம ஊதியச் சட்டத்தின் 5 ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஜூலை 1 அன்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாகவே இதை எடுத்துக்கொண்டு அறிவிப்பு அனுப்பியது. அதிகாரிகள் ஆலைக்குச் சென்று விசாரித்தார்கள். ஆனால் பணியமர்த்தல் ஆவணங்களை ஆராயாமல், உள்ளே பணியிலிருப்போர் சொன்னதை மட்டும் கேட்டு அறிக்கை தரப்பட்டது என்று அந்த ஆணையம் குறை கண்டு, மீண்டும் விசாரிக்கச் சொன்னதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது.

இதில் நமக்குரிய பாடம் எது? உள்ளே இருப்பவருக்கு ஊழியர் எண் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, ஊதியச் சீட்டு உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு எதுவும் இல்லை. அவர் வந்தார் என்பதற்கே சாட்சி இல்லை. விசாரணை அதிகாரி வந்து கேட்கும்போது, அவர் அங்கே இருக்க மாட்டார். அவர் எழுதிக் கொடுத்த மனு ஒன்று மட்டுமே அவருக்காக அங்கே நிற்க முடியும். ஆகவேதான் வேலை மறுக்கப்பட்டவர் எழுதுவது, வேலையிலிருப்பவர் எழுதுவதைக் காட்டிலும் அவசியமாகிறது.

அடுத்து, நம்மில் பலர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருவோம். மதத்தின் பெயரால் தனியார் நிறுவனம் வேலை மறுத்தால் எந்தச் சட்டம்? இதற்கு ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்வதே நம் கடமை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல், மதப் பாரபட்சத்தைத் தனியார் வேலைவாய்ப்பில் நேரடியாகத் தடுக்கும் மத்தியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2006 நவம்பரில் அறிக்கை அளித்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, இத்தகைய குறைகளை விசாரிக்கச் சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்குமாறு பரிந்துரைத்தது. பேராசிரியர் என். ஆர். மாதவ மேனன் தலைமையிலான வல்லுநர் குழு 2008 இல் அதற்கு வரைவும் தயாரித்துத் தந்தது. அந்த ஆணையம் அமையவில்லை.

அப்படியானால் வாசலே இல்லையா? இருக்கிறது, சிறியதாயினும் இருக்கிறது. 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியச் சிறுபான்மையினர் ஆணையம், சிறுபான்மையினரின் உரிமை பறிக்கப்பட்டதாக வரும் குறிப்பிட்ட முறையீடுகளை விசாரித்து, உரிய அதிகாரிகளிடம் எடுத்துச் செல்லலாம். விசாரணையில் ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நமது மாநிலத்திலும் சிறுபான்மையினர் ஆணையம் உண்டு. இவற்றின் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப் போன்று கட்டுப்படுத்தாது. எனினும் கேட்கப்படுகிறோம் என்ற அச்சம் நிறுவனத்துக்கு உண்டாகும்.

2015 மே மாதம் மும்பையில் நடந்தது இதற்குச் சான்று. எம்.பி.ஏ. முடித்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் ஹரி கிருஷ்ணா எக்ஸ்போர்ட்ஸ் என்ற வைர ஏற்றுமதி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதோரையே வேலைக்கு எடுக்கிறோம் என்ற பொருளில் சிறிது நேரத்திலேயே பதில் வந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அப்படியே பாதுகாத்து வெளியிட்டார். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. தேசியச் சிறுபான்மையினர் ஆணையமும் முறையீட்டை எடுத்துக்கொண்டது. அது பயிற்சியிலிருந்த ஓர் ஊழியரின் தவறு என்று கூறி நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அதே சொல்லை ஒருவர் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தால், நாடு அதை அறிந்திருக்குமா? அவர் கையிலிருந்த ஆயுதம், தேதியும் நேரமும் பதிந்திருந்த இரண்டு வரி எழுத்து மட்டுமே.

வெளிநாட்டு நிலவரத்தையும் சற்று நோக்குவோம். அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வேலையில் பாரபட்சத்தை விசாரிப்பதற்கென்றே ஓர் அரசு ஆணையம் இயங்குகிறது. அங்கே 180 நாட்களுக்குள், சில மாநிலங்களில் 300 நாட்களுக்குள் முறையிட வேண்டும். 2008 இல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், முக்காடு அணிந்து நேர்காணலுக்குச் சென்ற 17 வயது முஸ்லிம் பெண்ணுக்கு அபர்குரோம்பி என்ற துணிக்கடை நிறுவனம் வேலை மறுத்தது. முறையீட்டைப் பெற்ற அந்த ஆணையமே அவருக்காக வழக்குத் தொடுத்தது. 2015 ஜூன் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏழாண்டுக் காலம் பிடித்தது. ஆயினும் அந்தத் தீர்ப்பு அவர் ஒருவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின்னர் நேர்காணலுக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் பயன்பட்டது.

வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்களும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையிலுள்ள 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் எண் தொழிலாளர் சட்டம், இனம், நிறம், பாலினம், மதம், தேசியம், சமூகப் பின்னணி, ஊனம் ஆகியவற்றின் பேரில் வேலையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் முறையிடலாம். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை ஊரில் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுச் செல்வதே இதற்கு முதற்படி.

இனி நடைமுறைக்கு வருவோம். விளம்பரத்தைக் கண்டால் அதன் நகலை எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நேர்காணலுக்குச் சென்று திரும்பிய அன்றே, இரவு உறங்குமுன், நடந்ததைத் தேதி, நேரம், இடம், பேசியவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றுடன் எழுதி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு திருமறை அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடுவதை நாமெல்லாம் ஓதுகிறோம். சில நூறு ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு எழுத்து வேண்டுமானால், வாழ்நாள் வருமானத்துக்கு எவ்வளவு வேண்டும்?

மனுவை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். நடந்தது என்ன, எந்தச் சட்டம் மீறப்பட்டது, நீங்கள் கேட்கும் பரிகாரம் என்ன என்ற மூன்றும் இருந்தால் போதும். வேலை வேண்டுமா, விசாரணை வேண்டுமா, நிலுவை ஊதியம் வேண்டுமா என்று சொல்லாத மனுவுக்கு அதிகாரி எதைத் தருவார்? மாநில எல்லைக்குட்பட்ட நிறுவனமாயின் மாநிலத் தொழிலாளர் துறைக்கும், மத்திய அரசு நிறுவனமும் அதன் ஒப்பந்ததாரரும் ஆயின் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்புக்கும் அனுப்ப வேண்டும். அரசு ஊழியர் இழைத்த உரிமை மீறலாயின் மனித உரிமைகள் ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாதவர், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெறலாம். அஞ்சலில் அனுப்புவோர், 2025 இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதை அறிந்து, விரைவு அஞ்சலில் அனுப்பி இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். வேலை கிடைக்காமற் போனதெல்லாம் பாரபட்சம் ஆகிவிடாது. நம்மைவிடத் தகுதியுள்ள ஒருவருக்கு அந்த வேலை கிடைத்திருக்கலாம். உண்மையில் இல்லாததைச் சேர்த்து எழுதுவது பொய்ச் சாட்சியம். அது பெரும் பாவம். ஒரு பொய் மனு, அதன் பின்னால் வரும் பத்து உண்மை மனுக்களின் மீதும் சந்தேகத்தை உண்டாக்கும். ஆகவே கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்; ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நம் ஜமாஅத்தில் கடை வைத்திருப்போர், கட்டட ஒப்பந்தம் எடுப்போர், வாகனம் ஓட்டுவிப்போர் பலர் இருக்கிறார்கள். நமது கடை வாசலுக்கு வேலை கேட்டு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது எதை? பெயரையா, ஊரையா, சாதியையா, செய்யத் தெரிந்த வேலையையா? ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்கிறோமா? பிறர் வாசலில் நமக்கு நேர்ந்ததை அநியாயம் என்று சொல்லும் நாவு, நம் வாசலில் அதையே செய்துகொண்டிருந்தால், நம் மனுவில் பரக்கத் எங்கிருந்து வரும்? நிறுவைத் தராசு ஒன்றுதான். வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என வைத்திருப்போரை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இறுதியாக, இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது, சந்தாப் பதிவேடு இருக்கிறது. அவற்றுக்கருகே முறையீட்டுப் பதிவேடு ஒன்றையும் திறப்போம். படித்த வாலிபர் இருவரும், பெண்கள் தயக்கமின்றிப் பேசுவதற்கு ஒரு சகோதரியும் பொறுப்பேற்கட்டும். வருபவரின் குறையைக் கேட்டு, மனுவாக எழுதிக் கொடுத்து, அனுப்பிய தேதியையும் வந்த பதிலையும் குறித்து வைக்கட்டும். நம் தெருவைச் சேர்ந்தவர் என்றில்லாமல், நாடார், மீனவர், ஆதிதிராவிடர் என்று எந்தச் சகோதரச் சமுதாயத்தவர் வந்தாலும் அதே முகத்துடன் எழுதிக் கொடுக்கட்டும். அபூ குபைஸ் மலை மீது நின்றவர் யாருடைய உறவினர் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கேட்கவில்லை என்பதை அவர்கள் மறவாதிருக்கட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக்குக் கீழே, எழுதப்பட்ட மனுக்கள் இத்தனை, பதில் வந்தவை இத்தனை என்ற ஒரு வரியும் இடம்பெற வேண்டும் என்பதே நமது அவா.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவாயாக! அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்தைக் கண்டு வாய்மூடி இருப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! உண்மையை உண்மையாக எழுதும் கரங்களையும், நீதியுடன் செவிமடுக்கும் அதிகாரிகளையும் இந்த ஊருக்கும் நாட்டுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.